தலை போன காரும் சிங்கப்பூர்ப் பிரயாணமும்

சிங்கப்பூர் போய் வந்தவர்களிடம் நம் ஜனங்கள் முதலில் கேட்பது, "என்ன கொண்டுவந்தீங்க?" என்பதுதான். சேலை, கைக்கடிகாரம், கோடாலித் தைலம், வாசனைத் தைலம் என்று பதில் சொல்லிப் பழகியவர்கள் நாம். நான் கொண்டுவந்த சாமானைப் பார்த்து என் மனைவி தலையில் கைவைத்துக்கொண்டாள். பழைய பிஸ்கட் டின் ஒன்று. அதற்குள் நான்கு இரும்பு வளையங்களும், செப்புத் தகட்டால் செய்த ஒரு கேஸ்கட்டும். அந்த டின் என் கைக்கு வந்த கதையை வாசகர்களுக்குச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் வீட்டில் ஒரு மொரிஸ் மைனர் கார் இருக்கிறது. என் தகப்பனார் தோட்டத்து லொறிச் சாரதியாக இருந்து ஓய்வு பெற்றபோது, சேமலாப நிதிப் பணத்தில் வாங்கியது. "ஊர் சுற்றவா வாங்கினேன்? ராத்திரியில ஒரு உசிரைக் காப்பாத்த ஒரு வண்டி வேணும்" என்பார். அவர் சொன்னபடியே லயத்தில் யாருக்கு நோய் கண்டாலும் எங்கள் கதவைத்தான் தட்டுவார்கள். இப்போது 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் ஆம்புலன்ஸ் வருகிறது. ஆனால் எங்கள் தோட்டத்து ரோட்டில் மழைக்காலத்தில் அது மேலே ஏறிவருவது பெரும்பாடு. நோயாளியைக் கீழ்ச்சந்தி வரைக்குமாவது இறக்கிக் கொண்டுபோக ஒரு வண்டி வேண்டும். அப்பா காலமான பிறகு அந்தப் பொறுப்பு எனக்கு வந்து சேர்ந்தது.

ஒரு மழைக்கால இரவில் பக்கத்து லயத்துப் பெண்ணைப் பிரசவ வலியோடு ஏற்றிக்கொண்டு போனேன். இரண்டாவது மேட்டில் வெள்ளைப் புகை கிளம்பியது. தண்ணீர் கொதித்தது. யந்திரம் இருமிவிட்டு நின்றுபோயிற்று. நல்லவேளையாக மரக்கறி ஏற்றிக்கொண்டு வந்த லொறி ஒன்று நிறுத்திற்று. பிள்ளை ஆஸ்பத்திரியில் சுகமாகப் பிறந்தது. ஆனால் அந்த மழையில், கார் கதவைப் பிடித்துக்கொண்டு அவளுடைய தாயார் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

டவுனிலுள்ள மெக்கானிக் யந்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "ஹெட் போச்சு சேர். இதுக்குச் செலவழிக்கிறதவிட வித்துருங்க" என்றார். வாங்குவதற்கும் ஆள் வந்தது. 2020 மார்ச்சில் நம் நாட்டுக்கு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது அல்லவா? தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடியும் வழி திறந்தது. அந்த ஐந்து வருஷத்தில் கிழட்டு வண்டிகளுக்கும் கிராக்கி ஏறிவிட்டது. கொழும்புக்காரர் ஒருவர் கல்யாண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விட எங்கள் காரைக் கேட்டார். நல்ல விலை. "ஓகஸ்ட் விடுமுறைக்குச் சிங்கப்பூரிலுள்ள தங்கை வீட்டுக்குப் போய்வந்து முடிவு சொல்கிறேன்" என்று தவணை வாங்கிக்கொண்டேன். சிங்கப்பூரில் கிடைக்காத சாமானா? ஒரு சிலிண்டர் ஹெட் வாங்கி வந்துவிடலாம் என்பது என் எண்ணம்.

ஹெட் என்பது என்ன?

மோட்டார் விஷயம் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. யந்திரத்தின் உடல், நான்கு குழாய்களைக் கொண்ட இரும்புப் பாளம். அந்தக் குழாய்களுக்குள் பிஸ்டன்கள் ஏறி இறங்குகின்றன. பாளத்துக்கு மேலே மூடிபோல உட்கார்ந்திருப்பதுதான் சிலிண்டர் ஹெட். பெற்றோலும் காற்றும் உள்ளே வருவதற்கும் புகை வெளியே போவதற்குமான வால்வுகள் அதில்தான் இருக்கின்றன. மொரிஸ் மைனரில் மொத்தம் எட்டு வால்வு. பாளத்துக்கும் ஹெட்டுக்கும் நடுவில் வைக்கும் தகடுதான் கேஸ்கட். நெருப்பை அதன் இடத்திலும், தண்ணீரை அதன் இடத்திலும், எண்ணெயை அதன் இடத்திலும் பிரித்து வைப்பது அந்தத் தகடுதான். அது எரிந்துபோனால் மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

தேக்காவில் தேடல்

தங்கையின் வீடு அங் மோ கியோவில், பத்தாவது மாடியில். தேசிய தினத்துக்காக அடுக்குமாடிகள் எல்லாம் சிவப்பு வெள்ளைக் கொடிகளைத் தொங்கவிட்டிருந்தன. மறுநாள் காலை தங்கையோடு தேக்காவுக்குப் போனேன். சின்ன மூங்கிலின் அடி என்று பொருள்படும் சீன வார்த்தையிலிருந்து வந்த பெயராம் அது. இன்று அங்கே மூங்கில் இல்லை. முருங்கைக்காயும் வாழைப்பூவும் மல்லிகைச் சரமும் இருக்கின்றன. ஒரு காலத்தில் இந்த வட்டாரம் மாடுகளின் ஊர். எருமைத் தெரு, மலாய் மொழியில் அதே எருமையின் பெயரைத் தாங்கிய கெர்பாவ் ரோடு என்று, மாடுகள் போன பின்பும் பெயர்கள் நிலைத்துவிட்டன. மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் ஓடிய சிங்கப்பூருக்கு 1896-இல் முதல் மோட்டார் கார் வந்திறங்கியது.

வீரமாகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டு, தங்கையை முஸ்தபா கடையில் விட்டுவிட்டு, நான் ஜாலான் புசார் பக்கம் நடந்தேன். ஜாலான் புசார் என்றால் மலாய் மொழியில் பெரிய சாலை. வாகன உதிரிப்பாகக் கடைகளுக்கும் இரும்புச் சாமான் கடைகளுக்கும் பேர்போன வட்டாரம் அது. ஒரு கடையில் மொரிஸ் மைனர் ஹெட் கேட்டேன். சீனக் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அங்கிள், மியூசியத்தில் கேளுங்க" என்று ஆங்கிலத்தில் சொன்னார். இன்னும் இரண்டு கடைகளில் சிரிக்கக்கூட இல்லை.

காரணம் பிறகுதான் விளங்கியது. சிங்கப்பூரில் காரை வாங்கினால் மட்டும் போதாது. அதை ஓட்டும் உரிமைக்குச் சான்றிதழ் ஒன்றை ஏலத்தில் எடுக்க வேண்டும். 1990-இல் வந்த சட்டம் இது. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான அந்தச் சான்றிதழ் மட்டும் 1,50,001 வெள்ளிக்குப் போனது. கார் விலை அதற்கு வெளியே! சான்றிதழின் ஆயுள் பத்தே வருஷம். அதன்பின் அன்றைய நிலவரப்படி பணம் கட்டி ஐந்து அல்லது பத்து வருஷம் நீட்டிக்கலாம். இல்லாவிட்டால் வண்டியை உடைக்கவோ வெளிநாட்டுக்கு அனுப்பவோ வேண்டும். ஹெட் கெட்டுப்போகும் வயது வருமுன்பே பல கார்கள் ஊரைவிட்டே போய்விடுகின்றன.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஓடுகிற வண்டியை உடைப்பதா என்று. பிறகு யோசித்தேன். சிங்கப்பூர் நமது நுவரெலியா மாவட்டத்தில் பாதிகூட இல்லாத நிலம். அதில் ஏறக்குறைய 60 இலட்சம் பேர். எல்லோரும் கார் வைத்துக்கொண்டால் நடப்பதற்கும் இடம் இராது. பஸ்ஸும் ரயிலும் நிமிஷத்துக்கு நிமிஷம் வருகிற ஊரில் பழைய காரைக் கட்டியழ வேண்டிய அவசியமும் இல்லை. அவர்களுடைய கணக்கு அவர்களுக்குச் சரிதான். எங்கள் லயத்துக்கு அந்தக் கணக்கு பொருந்துமா என்பதுதான் கேள்வி.

கார் செய்த ஊர்

"காருக்காக இவ்வளவு அலையுறீங்களே, ஒரு இடம் காட்டுறேன் வாங்க மச்சான்" என்று தங்கையின் கணவர் ஞாயிற்றுக்கிழமை என்னை அப்பர் புக்கிட் தீமா சாலைக்கு அழைத்துப் போனார். அங்கேதான் பழைய போர்ட் தொழிற்சாலை இருக்கிறது. 1941-இல் திறந்த தொழிற்சாலை. தென்கிழக்காசியாவில் முதன்முதலாகக் கார்களைப் பூட்டிய தொழிற்சாலை என்கிறார்கள். சில மாதங்களில் யுத்தம் வந்துவிட்டது. 1942 பெப்ரவரி 15-ஆம் திகதி பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல், ஜப்பானியத் தளபதி யமஷித்தாவிடம் சரணடைந்தது இந்தக் கட்டடத்தில்தான். ஜப்பானியர் காலத்தில் நிசான் கம்பெனி இங்கே லொறிகளைப் பூட்டியது. யுத்தம் முடிந்தபின் மறுபடியும் போர்ட் கார்கள் வந்தன. 1980-இல் தொழிற்சாலை மூடப்பட்டது. 2006 முதல் நினைவுக் கூடம்.

அந்தப் பெரிய கட்டடத்தில் நடந்தபோது மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட நம் தமிழ்த் தொழிலாளர்கள் என் நினைவுக்கு வந்தார்கள். இந்தக் கட்டடத்தில் போட்ட ஒரு கையெழுத்தின் விலையை எங்கோ ஒரு ரப்பர்த் தோட்டத்து லயம் கொடுத்தது.

காப்பிக்கடைப் பெரியவர்

அன்று மாலை தங்கை வீட்டுக்குக் கீழேயுள்ள காப்பிக்கடையில் மைத்துனர் ஒரு பெரியவரிடம் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. தகப்பனார் ஜொகூர் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவராம். இவர் வாலிபத்தில் செம்பவாங் கடற்படைத் தளத்துப் பட்டறையில் பயிலுநராகச் சேர்ந்திருக்கிறார். 1968-இல் அந்தத் தளத்தின் பட்டறை சிங்கப்பூர் அரசின் கைக்கு மாறி கப்பல் பட்டறையானது. இவர் அங்கிருந்து விலகி ஜாலான் புசாரில் மோட்டார் வேலைக்கு வந்துவிட்டார். பிற்பாடு சின் மிங் தொழிற்பேட்டையில் சொந்தப் பட்டறை வைத்து, இப்போது ஓய்வில் இருக்கிறார்.

என் கைத்தொலைபேசியிலிருந்த படங்களை மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, புது ஹெட் எதுக்கு? இது நல்ல வார்ப்பு இரும்பு. இந்த ரெண்டாவது மூணாவது சிலிண்டருக்கு நடுவுல கறுத்திருக்கு பாருங்க, கேஸ்கட் எரிஞ்சது இங்கதான். இந்தப் புகை வால்வு ஓரம் கருகிப்போச்சு. சரி, டப்பட் இடைவெளி அடிக்கடி குறையுதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைச் சரிசெய்துகொண்டுதான் இருந்தோம். இந்தக் கிழவர் காரைக் கண்ணால் காணாமலே எப்படிக் கண்டுபிடித்தார்?

"அந்தக் காலத்துப் பெற்றோல்ல ஈயம் இருந்துச்சு. அது வால்வு உட்காருற இடத்துல மெத்தை மாதிரி படிஞ்சு காப்பாத்துச்சு. ஈயத்தை எடுத்துட்டாங்க. இப்ப வால்வு ஒவ்வொரு தடவை வந்து மோதுறப்பவும் அந்த இடம் தேய்ஞ்சு உள்ள இறங்குது. மேடு ஏற ஏற இன்னும் வேகமாத் தேயும். இடைவெளி மூடிப்போனா வால்வு சரியா மூடாது. மூடாத வால்வு கருகிப்போகும்."

"அப்படியானால் ஈயத்தை எடுத்தது தப்பா ஐயா?" என்று கேட்டேன்.

அவர் தலையை ஆட்டினார். "வாத்தியார் இப்படிக் கேக்கலாமா? அந்த ஈயப் புகை பிள்ளைங்க மூளையைக் கெடுக்கும். காரோட தலைக்கு நல்லது, பிள்ளையோட தலைக்கு விஷம். எது பெரிசு?"

வாசகர்களே, நான் இருபது வருஷமாகப் பிள்ளைகளின் தலைக்குள் எழுத்தையும் எண்ணையும் ஏற்றிக்கொண்டிருப்பவன். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வேன்? 1921-இல் அமெரிக்காவில் யந்திரத்தின் தட்டலை அடக்குவதற்காகக் கண்டுபிடித்த ஈயக் கலவை அது. ஈயம் உடம்பில் சேர்ந்தால் குழந்தைகளின் அறிவு வளர்ச்சி குன்றும் என்று நிரூபணமான பின்னும் அதை ஒழிக்கப் பல பத்து வருஷங்கள் ஆயின. சிங்கப்பூர் 1998-இல் நிறுத்தியது. நம் இலங்கை 2002-இல் நிறுத்தியது. கடைசி நாடாக அல்ஜீரியா 2021-இல் நிறுத்தியபோதுதான் கார்களுக்கான ஈயப் பெற்றோல் உலகத்தில் இல்லாமல் போனது. எங்கள் காரின் ஹெட் தேய்ந்ததென்றால், எத்தனையோ பிள்ளைகளின் தலைகள் தப்பியதற்கு அது கொடுத்த சின்ன விலை.

"வழி இருக்கு" என்றார் பெரியவர். "புகை வால்வு உட்காருற நாலு இடத்தையும் குடைஞ்சு, கடினமான இரும்பு வளையம் இறக்கணும். வளையத்தைவிடப் பள்ளம் மயிரிழை சின்னதா இருக்கணும். வளையத்தை ஐஸ் பெட்டியில வச்சுச் சுருக்கு. ஹெட்டைச் சூடாக்கி விரிய விடு. அப்புறம் இறக்கினா ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கும். அதுக்குப் பிறகு ஈயம் வேண்டாம்."

பிறகுதான் முக்கியமான கேள்வியைக் கேட்டார். "ரேடியேட்டர் எப்படி இருக்கு?"

நான் விழித்தேன். யாரும் அதைப் பார்க்கவே இல்லை.

"ஹெட் தானாப் போகாது தம்பி. யாராவது அதைக் கொதிக்க வச்சிருக்கணும். ரேடியேட்டர் குழாய்ல உப்பும் சேறும் அடைச்சிருந்தா, நீ புது ஹெட்டே போட்டாலும் மூணு மாசத்துல இதே காப்பிக்கடைக்கு வந்து நிப்ப."

எனக்கு என் வகுப்பறைதான் ஞாபகம் வந்தது. "இவன் தலையில் ஒன்றும் ஏறாது" என்று நாம் பின்வாங்கில் உட்கார வைக்கும் பிள்ளை, காலையில் வெறும் சாயத்தண்ணீரைக் குடித்துவிட்டு வந்திருப்பான். தலையைக் குற்றம் சொல்கிறோம். தலையைக் கெடுத்தது எது என்று பார்ப்பதில்லை.

பிஸ்கட் டின்

மறுநாள் அவருடைய வீட்டுக்குப் போனேன். கட்டிலுக்கடியிலிருந்து அந்த டின்னை எடுத்தார். சுங்கை ரோட்டில் வாங்கியதாம். சுங்கை ரோடு என்பது ஜாலான் புசாருக்கு அருகில் 1930-களிலிருந்து நடந்த பழைய பொருள் சந்தை. திருடர் சந்தை என்றும் பெயர். இல்லாத சாமான் இல்லை என்பார்கள். 2017 ஜூலை 10-ஆம் திகதியோடு அதை மூடிவிட்டார்கள். அதே வருஷம் அக்டோபரில் அருகிலேயே ஜாலான் புசார் பெருவிரைவு ரயில் நிலையம் திறந்தது.

"இங்க முப்பத்தஞ்சு வருஷம் தாண்டின காரை வச்சிருக்கத் தனிச் சட்டம் இருக்கு. ஆனா வருஷத்துல நாப்பத்தஞ்சு நாள்தான் ஓட்டலாம். அப்படி ஒருத்தர் மொரிஸ் வச்சிருந்தார். அவருக்குன்னு வாங்கினேன். அவரும் போயிட்டார், வண்டியும் போயிடுச்சு. உங்க வண்டி வருஷம் பூரா ஓடுதுல்ல? எடுத்துட்டுப் போங்க."

பணம் கொடுத்தேன். வாங்க மறுத்தார். "ஓடினா ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்" என்றார்.

என்னைச் சின் மிங்கிலுள்ள அவருடைய பழைய கூட்டாளியின் பட்டறைக்கும் அழைத்துப் போனார். மண்ணெண்ணெயை ஊற்றி வால்வு கசிகிறதா என்று பார்ப்பது, நேர்விளிம்புக் கட்டையை வைத்து ஹெட் வளைந்திருக்கிறதா என்று பார்ப்பது, ஒன்பது பெரிய நட்டுகளையும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மூன்று தடவையாக முறுக்குவது, எல்லாவற்றையும் காட்டித் தந்தார். டப்பட்டுக்கு ஒரு கணக்கும் சொன்னார். ரேடியேட்டர் பக்கமிருந்து வால்வுகளுக்கு ஒன்று முதல் எட்டு வரை இலக்கம் போட வேண்டும். எட்டாவது முழுக்கத் திறந்திருக்கும்போது முதலாவதைச் சரிசெய்ய வேண்டும். ஆறு திறந்திருந்தால் மூன்று, ஐந்து திறந்திருந்தால் நான்கு. எப்போதும் கூட்டுத்தொகை ஒன்பது. நான் அதைச் சிறுவனைப்போல் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

வீடு திரும்பிய பின்

விடுமுறை முடிந்து வந்ததும் முதலில் ரேடியேட்டரைக் கழற்றினோம். குழாய்களில் பாதிக்கு மேல் அடைப்பு. அதைச் சுத்தம் செய்த பிறகுதான் ஹெட்டைக் கண்டியிலுள்ள லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். வளையங்கள் இறங்கின. கருகிய வால்வு மாறியது. எங்கள் டவுன் மெக்கானிக்கிடம் கொப்பியைக் காட்டினேன். முகம் சுளிக்காமல் படித்தார். நட்டுகளை அந்த ஒழுங்கிலேயே முறுக்கினார். "சேர், இந்த ஒன்பது கணக்கு எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்பவர் நல்ல மெக்கானிக் என்று அன்று கண்டுகொண்டேன்.

கொழும்புக்காரருக்கு விற்பனை இல்லை என்று சொல்லிவிட்டேன். பணம் வேண்டாத பெரிய மனிதன் என்று என்னை எண்ணிவிடாதீர்கள். வீட்டுக் கூரைத் தகரம் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. மனைவி இரண்டு நாள் பேசவில்லை.

மூன்றாம் நாள் காலை, மரக்கறி லொறியில் ஆஸ்பத்திரி போன அந்தப் பெண் கைக்குழந்தையோடு வாசலில் வந்து நின்றாள். தடுப்பூசி போடும் கிளினிக்குக்குப் போக வேண்டுமாம். கூடவே அவளுடைய தாயார். என் மனைவிதான் சாவியை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். இரண்டாவது மேட்டில் நான் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே ஏறினேன். முள் அசையவில்லை. மேட்டின் உச்சியில் அந்தத் தாயார், "இப்ப இருமலையே வாத்தியார் ஐயா" என்றாள்.

அன்று மாலையே சிங்கப்பூருக்குத் தொலைபேசியில் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னேன். "ஓடுது ஐயா." மறுமுனையில் பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஐந்நூறு மைல் ஓடினதும் நட்டுகளை இன்னொரு தடவை முறுக்கிப் பாருங்க. மறந்துடாதீங்க" என்றார்.